மரக்கால் யார் கையில்?

நெல்லுக்கு விலை எழுதி வைத்திருக்கிறார்கள். கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். உப்புக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துச் சென்னை மாகாணத்தின் அரசிதழ்களைப் புரட்டினால், முக்கியமான ஊர்களின் சில்லறை விலை வரிசை வரிசையாக நிற்கிறது. 'இந்தியாவில் விலைகளும் கூலிகளும்' என்ற பொருளில் தலைப்பிட்டு, கல்கத்தாவிலிருந்து இந்திய அரசின் புள்ளிவிவரத் துறை தனியாக ஒரு தொகுதியே வெளியிட்டு வந்தது. இன்றைக்கும் பொருளாதார வரலாறு எழுதுகிற பேராசிரியர்கள் இந்தப் பட்டியல்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. நாற்றுப் பிடுங்கி, நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் அடித்துத் தூற்றிக் கொடுத்தவருக்கு அந்த விலை என்னவாக இருந்தது? அவர் வீட்டு அடுப்புக்கு வந்து சேரும்போது அந்த எண் என்ன ஆனது?

இது ஏதோ பழங்கதை ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். 'விலை ஏறினால் விவசாயி வாழ்வான், விலை விழுந்தால் விவசாயி சாவான்' என்பது இன்றும் எல்லாக் கட்சிக்காரர்களும் மேடையில் சொல்கிற வாக்கியம். அந்த வாக்கியத்தில் 'விவசாயி' என்றால் யார்? இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் விலை ஏறவும் செய்தது, விழவும் செய்தது. இரண்டு முறையும் சேரி பட்டினி கிடந்தது. இது எப்படி நடந்தது என்று விளங்கிக்கொள்ளாமல் எந்த விவசாயப் பிரச்சினையையும் பேச முடியாது.

முதலில் பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொள்வோம். அந்தக் காலத்துப் பட்டியலில் பெரும்பாலும் ஒரு சேர் இத்தனை அணா என்று இருக்காது. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் என்று இருக்கும். நம் பாட்டிமார்கூட 'ரூவாய்க்கு எட்டுப் படி வித்த காலம்' என்றுதான் சொல்வார்கள். எண் குறையக் குறைய விலை ஏறுகிறது என்று பொருள். ரூபாயைக் கையில் வைத்திருப்பவனுக்காக எழுதப்பட்ட பட்டியல் அது. ரூபாய் நிலையாக நிற்கும்; தானியம் கூடும், குறையும். தானியத்தையே கூலியாக வாங்கியவர் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

விலை ஏறுகிறது என்று அரசுக்குக் கவலை வந்தபோது, 1910இல் கே.எல். தத்தா என்ற அதிகாரியிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். 1914இல் பல தொகுதிகளாக அறிக்கை வந்தது. குறியீட்டு எண் போடும் பழக்கமும் அப்போது வலுத்துவிட்டது. 1873ஆம் ஆண்டை 100 என்று வைத்து, மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிட்டார்கள். நல்லது. ஆனால் ஒரு படியாளின் கூலியை எந்த ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடுவது? அவன் தாத்தன் வாங்கிய அதே மரக்கால்தான் அவனுக்கும். விலைப்பட்டியலில் 100 என்பது 150 ஆகும், 200 ஆகும். சேரியில் 100 என்பது 100 ஆகவே நிற்கும். அளக்கிறவன் கை கொஞ்சம் சாய்ந்தால் 90 ஆகும்.

படியாள் என்ற சொல்லையே பாருங்கள். படி வாங்குகிற ஆள், படியாள். ஊர் அவனுக்கு வைத்த பெயரில் அவன் செய்த வேலை இல்லை, அவன் வாங்கிய அளவுதான் இருக்கிறது. தஞ்சையில் பண்ணையாள் என்றார்கள், தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் படியாள் என்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்தார். 1918இல் அது நூலாக வந்தது. அதில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. கல்யாணச் செலவுக்கு வாங்கிய சின்னக் கடனுக்காகப் பரம்பரை பரம்பரையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களை அந்த நூல் பதிவு செய்திருக்கிறது. விலைப்பட்டியலில் இல்லாத மனிதர்கள் அங்கே, ஒரு பேராசிரியரின் மாணவர் நோட்டில், கொஞ்சம் தலைகாட்டுகிறார்கள்.

இங்கே ஒரு 'அறிவாளி' எழுந்து கேட்பார்: கூலியை நெல்லாக வாங்கியவனுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அவன் வயிறு அளவில்தானே இருக்கிறது? விலை ஏற்றத்தின் அடி அவன்மேல் விழாமல் நெல்கூலி காப்பாற்றியது அல்லவா? இப்படி எழுதிய வெள்ளை அதிகாரிகளும் உண்டு, நம்மூர்ப் பொருளாதார நிபுணர்களும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் சரியாகத்தான் படும். களத்துமேட்டில் நின்று பார்த்தால் வேறாக இருக்கும்.

முதலாவது, எந்த மரக்கால்? ஊருக்கு ஒரு மரக்கால், பண்ணைக்கு ஒரு மரக்கால். பட்டணம் படி வேறு, ஊர்ப் படி வேறு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாட்டில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் படி எத்தனை பெரிது என்று வாய்ப்பாட்டில் இருக்காது. குத்தகை நெல் உள்ளே வரும்போது ஒரு மரக்கால், கூலி நெல் வெளியே போகும்போது ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகளைப் பற்றிக் கதை கேட்காத சேரி உண்டா? வாங்கும்போது குவித்து அளப்பார்கள், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். வீட்டுக்குப் போவது கருக்காயும் பதரும் கலந்த நெல்லாக இருக்கும். அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். 'லாபம்' என்றுதான் முதல் மரக்காலைச் சொல்வார்கள். லாபம், ரெண்டு, மூணு. அந்த லாபம் யாருடைய லாபம் என்று கேட்ட வாய்க்கு அடுத்த நாள் வேலை இருந்திருக்காது.

இரண்டாவது, மனிதன் நெல்லை மட்டும் தின்று உயிர் வாழ்வதில்லை. உப்பு வேண்டும், துணி வேண்டும், விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதற்கெல்லாம் கூலி நெல்லில் ஒரு பங்கை அளந்து கடைக்காரனிடம் கொடுக்க வேண்டும். அங்கே இன்னொரு படி, இன்னொரு கை.

மூன்றாவது, கடன் நெல். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது, நெல் விலை உச்சத்தில் இருக்கும். தையில் அறுப்பு, விலை இறங்கியிருக்கும். ஐப்பசியில் கலம் மூன்று ரூபாய், தையில் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சத்துக்கு இரண்டு கலம் கடன் வாங்குகிறான். பண்ணைக் கணக்கில் இரண்டு கலம் என்று எழுத மாட்டார்கள். ஆறு ரூபாய் என்று எழுதுவார்கள். தையில் நெல்லாகத் திருப்பும்போது ஆறு ரூபாய்க்கு மூன்று கலம். வட்டி என்ற பேச்சே எழவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் இரண்டு கலம் மூன்று கலமாகிவிட்டது. எந்த வங்கியும் இப்படி ஒரு வட்டியை வெளிப்படையாக எழுதி வைக்க முடியாது. நெல்லை ரூபாயாக்குவது எப்போது, ரூபாயை நெல்லாக்குவது எப்போது என்று முடிவு செய்யும் உரிமை ஒருவன் கையில் மட்டும் இருந்தால் போதும், அவனுக்குத் தனியாக வட்டி எதற்கு?

கூலியிலும் இதே தந்திரம்தான். விலை ஏறும்போது 'காசா வாங்கிக்கடா' என்பார்கள். விலை விழும்போது 'காசு எங்கடா இருக்கு, நெல்லா வாங்கிட்டுப் போ' என்பார்கள். மாற்றிக்கொள்ளும் உரிமை ஒரு பக்கம், வாங்கிக்கொள்ளும் கடமை மறு பக்கம். விலை எந்தப் பக்கம் போனாலும் சேரி தோற்றதற்கு இதுதான் காரணம்.

விலை ஏறியபோது என்ன நடந்தது என்பதற்கு 1918 சாட்சி. முதல் உலகப் போர். கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. பர்மா அரிசி வருவது தடைப்பட்டது. வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்து, 1917இல் ஒரு ரூபாய்த் தாளை அச்சடித்துவிட்டார்கள். அரிசி, துணி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் ஒன்றாக ஏறின. அந்த ஆண்டு பருவமழையும் ஏமாற்றியது. சென்னை மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கடைகளும் சந்தைகளும் தானிய வண்டிகளும் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரமே கொந்தளித்தது. வரலாற்று ஆசிரியர் டேவிட் ஆர்னால்டு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதில் நாம் கவனிக்க வேண்டியது, பல இடங்களில் கூட்டம் முதலில் கேட்டது இலவச அரிசி அல்ல. நியாயமான விலைக்குக் கொடு என்றுதான் கேட்டார்கள். அரசு ஆவணத்தில் அவர்கள் 'கொள்ளையர்கள்'. கூலிக்காரர்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதுக்கி வைத்து விலையேற்றியவர் ஆவணத்தில் 'வணிகர்' ஆகவே இருந்துவிட்டார். அடுத்த மாதங்களில் விஷக்காய்ச்சல் வந்தது. பட்டினியில் வற்றிய உடம்புகளை அது வாரிக்கொண்டு போனது.

விலை விழுந்தபோது என்ன நடந்தது? 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. நிலக்கடலையும் பருத்தியும் சேர்ந்து சரிந்தன. மிராசுதார்கள் அலறினார்கள். நிலவரியைக் குறை என்றார்கள், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரும் அரிசியைத் தடு என்றார்கள். அவர்கள் குரல் சட்டமன்றம் வரை கேட்டது. 1935இல் வெளிநாட்டுக் குருணை அரிசிமேல் இறக்குமதி வரி வந்தது. 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது.

நெல் விலை பாதியானால் சேரிக்காரன் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டுமே? கூலியைக் காசாக வாங்கியவனுக்கு அதே காசில் இரண்டு மடங்கு நெல் கிடைத்திருக்க வேண்டுமே? வேலை இருந்தால்தானே கூலி! மிராசுதாரர் முதலில் வெட்டுவது ஆள் செலவைத்தான். களை ஒரு தடவை குறையும், வரப்பு வெட்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும், காசுக்கூலி மறுபடி நெல்லாகும். அதே சமயம், ஊரில் வேலை இல்லாதவன் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ள இருந்த கதவுகளும் சாத்தப்பட்டன. ரப்பர் விலை விழுந்ததால் மலேயாவிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவரும் அதே சேரிக்குத்தான் வந்தார். மலிவான நெல் சந்தையில் குவிந்து கிடந்தது. அதை வாங்கக் கையில் காசு இல்லை.

ஆக, 1918இல் விலை ஏறிச் செத்தோம், 1931இல் விலை விழுந்து செத்தோம். பிரச்சினை விலையில் மட்டும் இல்லை. அளவு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

சந்தையில் அளவுமோசடி நடக்கிறது என்பது அரசுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். 1928இல் வெளிவந்த ராயல் வேளாண்மைக் கமிஷன் அறிக்கை, தராசிலும் எடைக்கல்லிலும் நடக்கிற பித்தலாட்டத்தையும், தரகர்கள் துணிக்கு அடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசுவதையும், சரக்குக்குச் சொந்தக்காரன் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நிற்பதையும் சொல்கிறது. ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. 1933இல் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை வந்தது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் மூட்டையோடு சந்தைக்கு வருகிறவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. மூட்டையைச் சுமந்து வருகிறவனுக்கு இல்லை. திருப்பூர்ச் சந்தையின் தராசைச் சோதிக்க ஆள் போட்ட அரசு, தஞ்சாவூர்க் களத்தின் மரக்காலைச் சோதிக்க யாரையும் அனுப்பவில்லை.

நெல்லை விட்டு மாட்டுக்கு வருவோம். அங்கே இந்த உண்மை இன்னும் பச்சையாகத் தெரியும்.

மணப்பாறை, பொள்ளாச்சி, கண்ணபுரம், அந்தியூர் என்று நம் நாட்டு மாட்டுச் சந்தைகளின் பெருமையைப் பேசாதவர் இல்லை. காங்கேயம் காளையின் திமிலைப் பற்றி எழுதியே பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. அந்தச் சந்தையில் நம் ஆட்கள் இருந்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவராக, தண்ணி காட்டியவராக, ராத்திரி காவல் இருந்தவராக இருந்தார்கள். துண்டுக்குள் விரல் விட்டவராக இருந்தவர் எத்தனை பேர்? ஒரு ஜோடி உழவு மாடு இருந்தால் வாரத்துக்கு நிலம் பிடித்து உழலாம். மாடு இல்லாதவன் கூலிதான். காணி இல்லாததைப் போலவே மாடு இல்லாததும் சேரியைக் கட்டிப்போட்ட கயிறு.

ஆனால் ஒரு மாடு மட்டும் நமக்கு 'உரிமை' ஆக்கப்பட்டது. அது செத்த மாடு.

செத்த மாட்டைத் தூக்குவது சாதிக் கடமை. அதற்குப் பதிலாகத் தோல் நமக்கு. அந்தத் தோலிலிருந்து கவலை இறைக்கும் தோல்பையும் செருப்பும் வாரும் செய்து ஊருக்குக் கொடுக்க வேண்டும். அறுப்பில் கொஞ்சம் நெல் அளப்பார்கள். மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் இந்தச் சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். இந்த ஏற்பாட்டில் தோலுக்கு விலை என்று ஒன்று கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலுக்கு உலகச் சந்தையில் விலை வந்துவிட்டது. சென்னையில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பல்லாவரம், திண்டுக்கல் என்று தொழிற்சாலைகள் பெருகின. பச்சைத்தோலை வணிகர்கள் திரட்டிக்கொண்டு போகவே கிராமத்துத் தோல் தொழில் படுத்தது. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்த பொருள்களில் ஒன்று இதே கவலைத் தோல்பைதான். 1916 முதல் சென்னைத் தோலை இராணுவப் பூட்சுக்காக ஆங்கில அரசே மொத்தமாக வாங்கியது. போர் முடிந்ததும், 1919இல், பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். 1923இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள். வரி கூடினால் யாருக்கு லாபம், குறைந்தால் யாருக்கு நட்டம் என்று தொழிற்சாலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் வாதாடினார்கள். தோலை உரித்த கைகள் அந்த வாதத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

விலை வந்ததும் கிடைத்தது வேறொன்று: சந்தேகம். தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைக்கிறார்கள் என்று வடக்கே சமார் மக்கள்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போலீஸ் பழி சுமத்தியது. தோலின் விலை ஏற ஏற உரிக்கிறவன் குற்றவாளியானான். விற்கிறவன் வியாபாரி ஆனான்.

இந்தக் கணக்குக்குச் சரியான பதிலை மராட்டியத்திலிருந்து பாபாசாகேப் கொடுத்தார். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று 1920களில் மகர் மக்கள் மறுத்தபோது, மேல்சாதிப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் 'கரிசனத்தோடு' கணக்குப் போட்டார். தோல், கொம்பு, எலும்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் நட்டமாகுமே என்றார். அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இது: அவ்வளவு லாபம் என்றால் நீங்களே தூக்குங்கள், உங்களுக்கு நான் மேற்கொண்டு ஐந்நூறு ரூபாய் தருகிறேன். 1956 அக்டோபர் 15 அன்று நாக்பூர்ப் பேச்சில் அவர் இதை மறுபடி நினைவுகூர்ந்தார். இதில் வெறும் கிண்டல் மட்டும் இல்லை, பொருளாதாரமும் இருக்கிறது. ஒரு வேலையில் லாபம் இருந்தும் ஒரு சாதி மட்டுமே அதைச் செய்கிறது என்றால், அங்கே சந்தை இல்லை, சாதிதான் இருக்கிறது. விலைப்பட்டியலை மட்டும் படிப்பவர் கண்ணில் இது ஒருநாளும் படாது.

மாட்டுக்கு விலை பேசத் துண்டு போட்டார்கள் என்றோம். மனிதனுக்கும் துண்டு இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் பிடித்துப் போன நம் மக்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். அதன் பெயரே துண்டு. புதிய துரை பணத்தைக் கட்டுவார், ஆட்கள் கைமாறுவார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். மணப்பாறைத் துண்டுக்குள் மாட்டின் விலை மறைந்திருந்தது. மலைநாட்டுத் துண்டில் மனிதனின் விலை வெளிப்படையாக எழுதியிருந்தது. வேறுபாடு அவ்வளவுதான். எந்த விலைப்பட்டியலும் இந்த விலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவற்றையெல்லாம் நம் மக்கள் புரிந்துகொள்ளாமல் இருந்தார்களா? பொருளாதாரப் பேராசிரியர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக்கி, நம் மக்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு பத்திரிகை. 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்களோடு பண்ணையாட்கள் சங்கம் கட்டியபோது, சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற முழக்கத்தோடு இன்னொரு கோரிக்கையும் எழுந்தது: முத்திரை போட்ட மரக்காலில் கூலி அள! விலையை ஏற்று என்றோ, இறக்கு என்றோ அவர்கள் கேட்கவில்லை. அளவைப் பொதுவாக்கு என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், பிரச்சினையின் வேரைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் விளைச்சல்தான் 1944 மன்னார்குடி ஒப்பந்தமும், 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும். அதன் பிறகும் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல்லுக்குச் சந்தையில் என்ன விலை இருந்தது என்று எந்தப் புள்ளிவிவரத் தொகுதியிலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த விலைக்காக யாரும் 44 பேரைக் கொளுத்த மாட்டார்கள். அளவை நிர்ணயிக்கிற அதிகாரம் கைவிட்டுப் போகிறதே என்றுதான் கொளுத்தினார்கள்.

இன்றைக்கு மரக்கால் போய்விட்டது. கிலோ வந்துவிட்டது, மின்னணுத் தராசு வந்துவிட்டது. 2020-21இல் டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து போராடி மூன்று சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையையும் ஆதரிக்கிறோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவி முன்னால் கைகட்டி நிற்கிற விவசாயிக்கு இன்று அளவு பற்றிய வலி தெரியும். அந்த வலி தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறோம்: குவிண்டாலுக்கு இவ்வளவு என்று விலை கேட்கிற அதே தீர்மானத்தில், நடவாளுக்கு இவ்வளவு, மூட்டை சுமப்பவருக்கு இவ்வளவு என்று அடுத்த வரியை ஏன் எழுதுவதில்லை? அந்த வரி இல்லாத தீர்மானம் பழைய விலைப்பட்டியலின் தொடர்ச்சிதான்.

வரலாறு எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரூபாய்க்கு எத்தனை சேர் என்ற பட்டியலோடு, ஆளுக்கு எத்தனை படி, எந்தப் படி என்ற பட்டியலையும் சேர்த்து வையுங்கள். அது ஆவணக்காப்பகத்தில் முழுசாகக் கிடைக்காது. நம் சேரிகளில் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய கிழவிகளிடம் இருக்கிறது. எந்தப் பண்ணையில் எத்தனை மரக்கால், தலைதட்டியா குவித்தா, நடவுக்கு எவ்வளவு, அறுப்புக்கு எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு ஏன் அதில் பாதி என்று அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் போன பிறகு இந்தக் கணக்கு நமக்குக் கிடைக்காது.

வாசகத் தோழர்கள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மரக்காலின் பெயர், அது எத்தனை படி கொண்டது, அதை யார் கையில் பிடித்து அளந்தார்கள், நம் ஆட்களுக்கு அளந்தது எத்தனை என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வருவதை எல்லாம் ஊர்ப் பெயரோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.